முப்பத்திரண்டுக்குக் குறையாத கை

நூற்று முப்பத்தெட்டு, கீழே எண்பத்தாறு. பிரஷர் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு அவர் மனைவி பக்கம் திரும்பி மீசையை நீவிக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர். போன மாதம் மணிக்கட்டில் காந்த வளையல் ஏறியதிலிருந்து மாத்திரை டப்பாவைத் தொடுவதே இல்லை.

“ரத்தத்துல இரும்பு இருக்குல்ல? காந்தம் அதை இழுத்து ஓட வைக்குதாம். அந்தத் தம்பி சொன்னது சரியாப்போச்சு பாத்தியா?”

அந்தத் தம்பி என்றாலே அவளுக்கு ஆகாது. வளையல் வாங்கினால் இந்தப் பிரஷர் மெஷின் இலவசம் என்று வாசலில் வந்து நின்றவன். வாயைத் திறந்தால் தேன். சும்மா கொடுக்கிறேன் என்று எவன் வந்தாலும் அவள் கதவைப் பாதிதான் திறப்பாள். அன்றைக்குப் பார்த்து முழுசாகத் திறந்தது இவர்.

அவளிடமும் ஒரு காந்தம் உண்டு, தையல் மெஷினுக்குக் கீழே சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க. நேற்று விரலில் ஊசி ஏறியபோது, இவர் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்தக் காந்தத்தை ரத்தத் துளியருகே கொண்டுபோனாள். துளி இருந்த இடத்திலேயே இருந்தது. சொன்னால், உன் காந்தம் மட்ட ரகம் என்பார்.

ஆனாலும் எண் குறைந்திருக்கிறதே! அதுதான் அவளைக் குழப்பியது. எண் குறைந்தும் இவர் பிடரி கனக்கிறது என்று பிசைந்துகொண்டு உட்காருகிறார். ஒருநாள் குளியலறையில் பொத்தென்று விழுந்து கிடப்பாரோ என்ற பயத்தில், அவர் உள்ளே போனால் இவள் தைப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் புஜத்தில் சுற்றியிருந்த மெஷின் பட்டையைக் கழற்றப்போனார். அப்போதுதான் அவள் கண் அதில் நின்றது. முப்பது வருஷம் சட்டைக் கை வெட்டிய கண். பட்டை அவர் கையைச் சுற்றி, மறுபடி பாதிச் சுற்று போயிருந்தது.

“ஏங்க, கையைக் கொஞ்சம் நீட்டுங்க.”

டேப் வைத்து அளந்தாள். இருபத்தேழு சென்டிமீட்டர். பட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். முப்பத்திரண்டு முதல் நாற்பத்திரண்டு வரை. பயில்வான் கைக்குச் செய்தது.

கீழ்வீட்டு நர்ஸ் தன் மெஷினோடு வந்து இரண்டு தடவை பார்த்தாள். நூற்று அறுபத்து நாலு, நூறு.

“பட்டை பெருசா இருந்தா கம்மியாத்தான் காட்டும் சார். மாத்திரையை நீங்களா நிறுத்தினீங்க? இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.”

நர்ஸ் படியிறங்கியதும் அவர் வளையலைத் தடவிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்காரங்க மெஷின் ஏத்தித்தான் காட்டும். மாத்திரை விக்கணும்ல?”

“அவங்க எதையும் விக்க வரலைங்க. நான்தான் கூப்பிட்டேன். எனக்குப் பயமா இருக்கு.” பயத்தோடு அவர்மேல் ஆத்திரமும் வந்தது.

“நீ டேப்பை இழுத்துப் புடிச்சிருப்பே. குடு இங்க.”

டேப்பைப் பிடுங்கித் தன் கையில் தானே சுற்றினார். முஷ்டியை மடக்கி, மூச்சை அடக்கி, புஜத்தை உப்ப வைத்தார். நெற்றி நரம்பு புடைத்தது. முகம் கன்றிச் சிவந்தது.

“எவ்வளவு?” என்றார் பல்லைக் கடித்தபடி. “படிச்சுச் சொல்லு, எவ்வளவு?”