மூன்றாம் கூண்டு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தங்கத்தாய் வீட்டு நாற்காலியில் உமாமகேஸ்வரி உட்கார்ந்ததும், சந்தில் பாதிப் பேர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை விஞ்ஞானி உமாவுக்குப் பணி ஓய்வு விழா. ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷம் எலிக்கூண்டு கழுவிய தங்கத்தாய் இல்லாமல் என்ன விழா என்று, செம்பூரிலிருந்து தானே அழைக்க வந்திருந்தாள்.

பேச்சு பழைய நாட்களுக்குப் போனது. இரண்டாயிரத்து ஆறில் அந்தக் கூடத்தில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான், எலிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால். ஏ.சி. எலிகளுக்கு, ஓட்டை மின்விசிறி உமாவுக்கு. மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். மாலை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் உமா உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் மூக்கைச் சுளித்து நகர்ந்துகொள்வார்கள். எத்தனை கூட்டத்திலும் தாராளமாக இடம் கிடைத்தது. அந்த எலி வாடை இப்போது வந்தால் ஆசையாக முகர்ந்து பார்ப்போம் என்று உமாவுக்குத் தோன்றியது.

தாயிடமிருந்து தினம் மூன்று மணி நேரம் குட்டிகளைப் பிரித்து வைப்பதுதான் அன்றைய சோதனை. அந்த ஏக்கத்தில் குட்டிகளின் மூளையில் அழற்சி மூளும். அது மரபணுவை மாற்றாது. ஆனால் அதன்மேல் ஓர் அடையாளம் விழுந்து, ஆயுசுக்கும் நிற்கும். ஏழு கூண்டுகளில் ஆறில் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் கூண்டுக் குட்டிகளுக்கு மட்டும் அழற்சியும் இல்லை, அடையாளமும் இல்லை. சில உயிர்கள் பிறவியிலேயே தாங்கும் வலுவோடு வருகின்றன என்று உமா எழுதினாள். அந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிறகு எத்தனை முறை செய்து பார்த்தும் அப்படி இன்னொரு கூண்டு அமையவில்லை. இப்போது அவளிடம் படித்த ரோஷன் அந்தப் பிறவி வலுவைத் தேடி ஐந்து வருஷ ஆராய்ச்சியில் இறங்குகிறான். திங்கட்கிழமை எலிகள் வருகின்றன.

"மூணாவது கூண்டு ஞாபகம் இருக்கா, தங்கத்தாய்?"

"மறக்க முடியுமா மேடம். அந்தத் தாய்க்காரி மூலையிலயே சுருண்டு கெடந்தா. தீனியத் தொடல. எம்மவ பானுமதிக்கு அப்பதான் பிள்ள பொறந்து, வீட்டுல காயம் கிண்டியிருந்தோம். பிள்ள பெத்தவ எவளா இருந்தா என்னன்னு தெனமும் துளி கொண்டாந்து குடுத்தேன். ரெண்டே நாள்ல எந்திச்சிட்டா."

சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து, பிள்ளை பெற்றவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் கிண்டிக் கொடுக்கிற மருந்துதான் காயம். உமா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். குட்டிகளைக் காத்தது பிறவி வலு இல்லை, தாய்ப்பாலில் இறங்கிய இந்தக் காயம்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டிய? ஒரே டென்ஷன்ல இருந்திய. காலிபீலி, சும்மா ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். காயம் குடுக்கதயெல்லாம் யாரும் சொல்லிட்டா குடுப்பாவ?" தங்கத்தாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பாப் போச்சா மேடம்?"

உமாவுக்குக் கோபம் வந்தது. அதை முந்திக்கொண்டு வெட்கம் வந்தது. எத்தனை மேடைகளில் அந்தக் குட்டிகளின் படத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நெய்க்கு அலைந்திருக்கிறாள். அந்த வெண்ணெயோ தினமும் எதிரில் உட்கார்ந்து அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறது.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வெள்ளிக்கிழமை நாலு பேர் மூன்றாம் கூண்டைப் புகழ்வார்கள், அவள் மாலையைப் போட்டுக்கொண்டு செம்பூருக்குப் போய்விடலாம். ரோஷன் மட்டும் இல்லாததைத் தேடுவான். தேடித்தேடி அவனுக்கும் தலை நரைக்கும்.

"தப்பு உங்களுது இல்லை" என்று சொல்லிவிட்டு உமா போனை எடுத்தாள். ரோஷன் எடுத்ததும் ஆங்கிலத்தில் சொன்னாள்: திங்கட்கிழமை எலிகள் வேண்டாம், மூன்றாம் கூண்டைப் பற்றித் தான் எழுதியது தவறு. போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு அவள் தங்கத்தாய் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

தங்கத்தாய் யோசித்தாள். சுண்டுவிரல் நுனியில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக் காட்டினாள்.

"இந்தா, இம்புட்டுதான்."

போனில் ரோஷன் திரும்பத் திரும்ப ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, உமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்துக்கு அந்தப்பக்கம் ஒதுங்கி நின்ற அந்தத் துளிச் சதையைக் குனிந்து பார்த்தாள்.