இடப்பக்க ஸ்டியரிங்

வாப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையை உம்மாவின் மடிக்கு நகர்த்தி, காலை மடக்கிக் கதவைச் சாத்துவதற்குள் இன்ஷா தொப்பலாக நனைந்துவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிற அந்த நிலையிலும் வாப்பா பர்கத்துல்லாவுக்கு ஒரே பிடிவாதம். முன்சீட்டில்தான் உட்காருவாராம்.

"வழி பாக்கணும்ல," என்றார்.

"நான் பாத்துக்கறேன் வாப்பா. நீங்க பேசாம படுங்க."

ரங்கூனின் வடகோடியில், ஷ்வேப்யிதாவில் உம்மாவின் தங்கை வீட்டு விருந்துக்கு வந்தவர்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவர் சரிந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். டவுன் எங்கே, ஷ்வேப்யிதா எங்கே. மழையோ பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்ற ஒரே நினைப்போடு இன்ஷா வண்டியைக் கிளப்பினாள்.

ரங்கூனில் வண்டி ஓட்டுவது மற்ற ஊர்களில் ஓட்டுவதைப் போல அல்ல. போக்குவரத்து சாலையின் வலப்பக்கம். ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஓட்டுகிறவர் நடைபாதை ஓரமாய் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் சரியில்லை என்றால் இரண்டு பேருமே மேலே போய்ச் சேர வேண்டியதுதான்.

பர்கத்துல்லா சரியான ஆள். பஸ் படியில் நின்று ஆள் ஏற்றி இறக்கும் ஸ்பேராகத் தொங்கி வளர்ந்தவர். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ஆனால் சாலையைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவர்கள் குடியிருக்கும் பபேடான் முழுக்கப் பேச்சு. போகலாம் என்றால் ஸ்பேர்கள் கத்துகிற பர்மியச் சொல்லையே சொல்வார்: "ஸ்வே!" நிற்க வேண்டும் என்றால் மட்டும் தமிழ்: "நில்லு." துணிக்கடைச் சரக்கு ஏற்ற இன்ஷா பழைய டொயோட்டா ஓட்டிய காலம் முழுக்க அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் ஓட்டினாள்.

போன வருஷம் இந்த வண்டி வந்தது. தூதரகத்தில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றது. பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் மாட்டியது போலச் சதுரமாக இருக்கும். பேர் சயான். டொயோட்டாக்காரர்கள் இளவட்டங்களுக்காகவே தனியாய் ஆரம்பித்த பேராம். பர்கத்துல்லா பானெட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே எதைத் துடைத்தாலும் டொயோட்டா என்று இருந்தது, வெளியே ஓரிடத்திலும் இல்லை. வாப்பா பேரைப் போட்டுக்க வெக்கப்படுற புள்ள, என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சில வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே சயானை ஊற்றி மூடிவிட்டு, மிஞ்சிய கார்களுக்குத் தன் பேரையே போட்டுக்கொண்டது. அதைக் கேட்டிருந்தால் மனுஷனைக் கையில் பிடித்திருக்க முடியாது.

அவருக்கு உறுத்தியது வேறு. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். எதிரே வருவது இன்ஷாவுக்கே தெரியும். வலப்பக்கச் சீட்டில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் நடைபாதையும் மொஹிங்கா நூடுல்ஸ் கடை ஸ்டூல்களும்தான். கொஞ்ச நாள் கையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்தார். பிறகு ஒருநாள் நடைபாதையைப் பார்த்தபடியே "ஸ்வே" என்றார். எனக்கே தெரியுது வாப்பா என்று அவள் சிரித்தாள். தெரிஞ்சா தெரியட்டும் என்றார். அதற்கப்புறம் அவர் சொல்லும்வரை அவளும் தாண்டுவதில்லை. ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இன்றைக்கும் அப்படித்தான் வந்தார்கள். மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது, பின்சீட்டிலிருந்து சன்னமாக, "ஸ்வே." தாண்டினாள். எதிரே ஒன்றுமில்லை. இன்னொரு லாரி. "ஸ்வே." அதுவும் சரி. கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் மனுஷனுக்கு எப்படித் தெரிகிறது என்று அவள் யோசிக்கவில்லை. குரல் வருகிறது, அப்படியென்றால் ஆள் இருக்கிறார். அவளுக்கு வேறென்ன வேண்டும்.

இன்செயின் மார்க்கெட்டைத் தாண்டும்போது சர்ரென்று ஒரு சத்தம். வைப்பர் ரப்பர் கிழிந்துவிட்டதோ என்று பார்த்தாள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். முதலிலிருந்தே ஓதிக்கொண்டுதான் வந்தாள்.

"வாப்பா தூங்குறாங்களா உம்மா?"

"நீ ரோட்டப் பாரும்மா."

வாப்பாவிடமிருந்து குரல் வரவில்லை. இன்ஷா ஹார்னில் கையை வைத்தபடியே ஓட்டினாள். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ஒரு பஸ் நடுரோட்டில் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. எதிரே சாலை வெறிச்சென்று கிடந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனாள்.

"நில்லு."

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. மழைக்குள்ளிருந்து விளக்குப் போடாத லாரி ஒன்று வந்து, கண்ணாடியை உரசுவது போலக் கடந்து போயிற்று. இன்ஷாவுக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. அல்லாவே, இருக்காங்க.

"இதோ வந்துட்டோம் வாப்பா, இதோ வந்துட்டோம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரிப் போர்டிகோவில் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

வாப்பாவின் கண்கள் மூடியிருந்தன. உம்மாவின் வெள்ளைத் தலைத்துணியிலிருந்து கிழித்த ஒரு பட்டை, தாடையைச் சுற்றி ஏறி உச்சந்தலையில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. உயிர் போனபின் மய்யித்தின் வாய் திறந்து போகாமலிருக்கக் கட்டுகிற கட்டு. இறுக்கமாக, அழகாகக் கட்டியிருந்தாள். கால் கட்டைவிரல்களும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"எப்ப உம்மா?"

"மார்க்கெட் தாண்டுறப்ப. சொன்னா உன் கை நடுங்கும். அதான் சொல்லல."

மார்க்கெட். அதற்கப்புறம்தானே ரயில்வே கேட். இன்ஷா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய வாய் ஒரு இழைகூட அசைந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப ரயில்வே கேட்டுகிட்ட 'நில்லு'ன்னது நீங்களா?"

உம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். அழுகையை மறந்துவிட்ட முகமாக இருந்தது அது.

"உனக்கும் கேட்டுச்சா?"

டாக்டர் வண்டியிலேயே குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தகவல் தெரிந்து மாமா அப்துல் அஜீஸ் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தார். அவர் சிபாரிசு செய்த ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள் உம்மா. இந்த வண்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டலாம், காலையில் அடக்கம் வைத்துக்கொள்ளலாம். இன்ஷாவால் ஓட்ட முடியுமா என்று மாமாவுக்குச் சந்தேகம். நானும் கூட வர்றேன் என்று முன்கதவைத் திறந்து வலப்பக்கச் சீட்டில் காலை வைத்தார்.

"அஜீஸு, அங்க உக்காராத," என்றாள் உம்மா. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தான் வந்த டாக்ஸியிலேயே ஏறிக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் இன்ஷா வண்டியை நிறுத்தினாள். அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. ஈரச்சாலை நெடுகத் தெரிந்தது, பார்த்துச் சொல்ல யாரும் தேவையில்லை. ஆனாலும் கால் பிரேக்கை விட்டு எழும்பவில்லை. பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. பின்னால் மாமாவின் டாக்ஸி ஹார்ன் அடித்தது. அவள் நகரவில்லை.

"ஸ்வே."

மெதுவாகத்தான் கேட்டது. இன்ஷா கண்ணாடியில் உம்மாவைப் பார்த்தாள். உம்மாவும் கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஷா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.