ஆடாத கை

"ஆட்டாதேன்னு சொல்றேன்ல—"

"நான் ஆட்டல நிகில், காத்து—"

"காத்து எப்பவோ நின்னுபோச்சு. உன் விரல்தான் ஆடுது, எனக்குத் திரையில தெரியுது—"

"கை வலிக்குது. புதன்கிழமையிலேர்ந்து சொல்லிட்டுத்தானே—"

"முதல்ல மூச்சை அடக்குடி."

சுப்ரஜா மூச்சை அடக்கினாள். சித்தாலப்பாக்கம் ஏரிக்கரையில் பனி இன்னும் புல்லை விட்டுப் போகவில்லை. அந்த ஈரத்தில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்து, காய்ந்த குச்சி ஒன்றின் அடியை வலது கையின் இரண்டு விரல்களால் பிடித்திருந்தாள். குச்சியின் மேலே நீல வரித் தேனீக்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஆண் தேனீக்கள், கூடு கிடையாது. பொழுது சாய்ந்ததும் வந்து, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு அப்படியே உறங்கிவிடும். வெயில் உறைக்கும்வரை அசையாது. பூச்சியைப் படம் எடுக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்தால் தேனீயின் கண் துல்லியமாக விழும்போது மீசை மங்கிப்போகும். மீசை விழுந்தால் இறக்கை போகும். அதனால் நிகில் ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரே தேனீயைப் பல படங்களாக எடுத்து, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். நடுவில் குச்சி இம்மி அசைந்தாலும் அத்தனையும் குப்பை. கிளிப் போட்டுப் பார்த்தான், குச்சி முறிந்தது. அப்புறம்தான் பெண்டாட்டிக்குக் கை இருப்பது ஞாபகம் வந்தது.

சுப்ரஜா கிழக்குத் தாம்பரத்தில் பல் டாக்டர். பல்லின் வேருக்குள் நூலைப் போன்ற ஊசியை இறக்கி ஏற்றுகிற கை. ஃபோட்டோ சிநேகிதர்களிடம் "இதுதான் என் ரெண்டாவது ட்ரைபாட்" என்று அவளைக் காட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கையைத்தான் புதன்கிழமை அவன் முறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வர முடியாது, நோயாளிகள் இருக்கிறார்கள் என்று சொன்னாள், அவ்வளவுதான் குற்றம். மணிக்கட்டுக்குள் ஏதோ நெட்டி முறிந்த மாதிரி சத்தம் கேட்ட பிறகுதான் விட்டான். மறுநாள் க்ளினிக்கில் ஓர் அம்மாள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, சுப்ரஜாவின் கையில் ஊசியின் நுனி நடுங்கியது. கூட இருந்த டாக்டரை உட்காரவைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள். எலும்பு டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். கார் கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். அவர் நம்பினமாதிரி தெரியவில்லை. ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சேர்ந்துவிடும், இன்னொரு தடவை இப்படி மாட்டிக்கொண்டால் அப்புறம் இந்தக் கையை நம்பி யார் வாயிலும் ஊசி வைக்காதீர்கள் என்றார்.

அதையும் நிகிலிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே பேட்டரியை சார்ஜில் போட்டான். தனக்கு வேண்டியதைத் தானே உடைத்துவிட்டு, உடைந்துபோயிற்றே என்று அவளையே திட்டுகிற ஆள் அவன்.

இடது கையால் பிடிக்கிறேன் என்று இப்போது கேட்டுப் பார்த்தாள். சரி, தொலை, என்றான். விரல் மாற்றினாள். அவன் எடுத்தான், எடுத்துக்கொண்டே இருந்தான். கிழக்கே வெளிச்சம் ஏறியது. ஒரு தேனீ பின்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. நிகில் கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான். முகம் இறுகியது. எழுந்து ட்ரைபாடைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

அறை காதோடு சேர்த்து விழுந்தது. குச்சி அவள் விரலிலிருந்து தெறித்து, தேனீக்கள் அரைத் தூக்கத்தில் புல்லில் உதிர்ந்தன. ஒன்றை அவன் பூட்ஸ் மிதித்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"எல்லாத்துலயும் கண்ணு மங்கல். எல்லாத்துலயும். வேணும்னே செய்யற."

"இல்ல, நிகில்."

அவன் குனிந்து அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான்.

"அந்தக் கையை விடு," என்றாள் சுப்ரஜா. குரலை உயர்த்தவில்லை. "வேற எங்க வேணா அடி. அதை விட்டுடு."

"இதானே நடுங்குது? நடுக்கத்தை எடுத்துடறேன் இரு."

முறுக்கத் தொடங்கினான். வலி முழங்கைவரை தீயாக ஏறியது. அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தலையைத் திருப்பி அவனுடைய கட்டைவிரலின் அடிச்சதையைக் கடித்தாள். வாய்க்குள் எந்தப் பல் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? கடைவாயில் கொடுத்துக் கடித்தாள். நிகில் அலறினான், தலைமுடியைப் பிடித்து இழுத்தான், விலாவில் உதைத்தான். உதைத்த வேகத்தில் ட்ரைபாட் சாய்ந்து, கேமரா சேற்றில் குப்புற விழுந்தது. அப்போதும் தாடை திறக்கவில்லை. உப்பும் இரும்புமாக வாய் நிறைந்த பிறகே விட்டாள்.

அவன் தன் கையைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. லென்ஸ், லென்ஸ் என்று சேற்றைப் பார்த்து ஓடினான். கேமராவைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் ட்ரைபாட் மூன்று கால்களும் மடங்கிக் கிடந்தது. சுப்ரஜா அதை இடது கையால் தூக்கினாள். தோளில் ஒன்று போட்டாள். அவன் திரும்பியபோது முழங்காலில் இன்னொன்று. அது சரியாக விழுந்தது. உட்கார்ந்துவிட்டான்.

கரைப் பாதையில் ராஜகோபாலன் நின்றுகொண்டிருந்தார். மேடவாக்கத்தில் இவர்களுடைய அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர், காலையில் காரில் வந்து ஏரியைச் சுற்றி நடப்பவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பாம்பு ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

நிகில் அதற்குள் குரலை மாற்றிக்கொண்டான். ஒன்றுமில்லை சார், கொஞ்ச நாளாகவே இவளுக்கு மனசு சரியில்லை, மாத்திரை கொடுத்தால் சாப்பிடுவதில்லை என்றான். ரத்தம் சொட்டும் கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டான். தாங்கள் வந்த காரின் சாவி இருந்த சட்டைப்பையை மறுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ராஜகோபாலன் சேறு அப்பிய கேமராவைப் பார்த்து, விலை கூடின சாமான் ஆயிற்றே என்று உச்சுக்கொட்டினார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சூடாகக் காபி குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். சொல்லும்போது நிகிலைத்தான் பார்த்தார்.

சுப்ரஜா ட்ரைபாடைக் கீழே வைக்கவில்லை. வீங்கத் தொடங்கிய வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு கரை ஏறி அவர் எதிரே வந்து நின்றாள். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு வேறு கை இல்லை.

"சார், உங்க கார்ல என்னைப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுவீங்களா?"