சேமிக்கப்படாத இரண்டாம் பக்கம்

ஊசி போட்டு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "மிஸ்ஸி, உதடு தடிக்குது" என்றார் காளியண்ணன். தாதி பிளோரன்ஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"டாக்டர்!"

நித்தியா டாக்டர் ஓடிவந்தார். தொடையில் அட்ரினலின் போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மகள் மாதவி சுவரோரம் நின்று "அப்பா, அப்பா" என்று அரற்றினாள். பிளோரன்ஸின் கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. மனம் மட்டும் கணினித் திரையிலேயே நின்றது. ஒவ்வாமை எதுவுமில்லை என்றுதான் அதில் இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் முள் குத்திச் சீழ் பிடித்த காலோடு, காய்ச்சலில் துவண்டு வந்தவரிடம் ஊசிக்கு முன் வாய்விட்டும் கேட்டிருந்தாள்.

"அதெல்லாம் கார்டுல இருக்கும்லா மிஸ்ஸி" என்றார் அவர்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

இரண்டாவது அட்ரினலின் ஊசிக்குப் பிறகுதான் மூச்சு சீரானது. ஆம்புலன்ஸ் அப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

பிளோரன்ஸ் நேரே சாமான் அறைக்குப் போனாள். கிளினிக் கணினிக்கு மாறி ஒரு மாதம்தான். பழைய கார்டுகள் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கிடந்தன. திங்கட்கிழமை லோரி வந்து அழிக்க எடுத்துப் போகும். காளியண்ணன் கார்டைத் தேடி எடுத்தாள். பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. கீழே, கணினியில் ஏற்றிய தேதி. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து.

அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. பேய்மழை. இன்டர்நெட் லைன் விட்டு விட்டு வந்தது. ஒவ்வாமை விவரம் இரண்டாம் பக்கத்தில். அதைத் தனியாகச் சேமிக்க வேண்டும். முதல் பக்கத்தில் பச்சைக்குறி விழுந்ததுமே அடுத்த கார்டுக்குத் தாவியிருக்கிறாள்.

கார்டைத் திரும்பப் பெட்டியில் போட்டால் போதும். பதினெட்டு வருட வேலை. யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அன்றைக்கு அவள் ஏற்றியது நாற்பத்தாறு கார்டு. தோட்டத்து ஆட்கள், பாசிர் பெனம்பாங் மீனவர்கள். நாளைக் காலையிலேயே அவர்களில் ஒருவர் இதே நாற்காலியில் வந்து உட்காரலாம்.

கார்டை டாக்டர் மேசையில் வைத்தாள். "இத நான்தான் ஏத்துனேன் டாக்டர். இன்னும் நாப்பத்தஞ்சு இருக்கு. இப்பவே பாக்கணும்."

நித்தியா கார்டைப் படித்தார். "ரிப்போர்ட் எழுதணும் சிஸ்டர். உங்க பேரு வரும்."

"வரட்டும் டாக்டர்."

பெட்டிகளைப் பிரித்தார்கள். இருபத்தொன்பது பேருக்குக் கணினியில் இரண்டாம் பக்கமே இல்லை. அதில் மூன்று பேருக்கு மருந்து ஒவ்வாமை. ஒருத்தி விமலா, எட்டு மாதக் கர்ப்பிணி, மறுநாள் காலை வர வேண்டியவள். பிளோரன்ஸே போன் போட்டுச் சொன்னாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காளியண்ணன் கண் மூடிப் படுத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னாங்க" என்றாள் மாதவி.

"நான் சரியா ஏத்தலம்மா. தப்பு என்னோடது."

மாதவியின் முகம் மாறியது. "எங்கப்பா செத்திருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

காளியண்ணன் கண் திறந்தார். "அந்த மருந்து பேரு என்னா மிஸ்ஸி?"

"பென்சிலின், அண்ணே."

"பென்சிலின்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

விசாரணை நடந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. லோரியைத் திருப்பி அனுப்பி, எல்லாக் கார்டுகளையும் இரண்டு பேர் சேர்ந்து மறுபடி சரிபார்த்தார்கள். இரண்டாம் பக்கம் நிரம்பாமல் பதிவு முடியாதபடி கணினியையும் மாற்றினார்கள்.

பத்தாம் நாள் காளியண்ணன் கால் கட்டு மாற்ற மகளோடு வந்தார். பிளோரன்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். மாதவி மட்டும் வேறு மிஸ்ஸியைக் கூப்பிடச் சொன்னாள்.