நடு வீட்டுப் பள்ளம்

ஹவுகெட்டோ என்ற புறநகரில் கமலேஸ்வரி பிடிவாதம் பிடித்துக் கணவனை அந்த வீட்டை வாங்க வைத்ததே ஒரு பள்ளத்துக்காகத்தான். அறுபதுகளில் கட்டிய வீடு. வரவேற்பறையின் நடுவே இரண்டு படி இறங்கினால் சதுரமான குழி, நாலு பக்கமும் மெத்தை போட்ட இருக்கை. பத்துப் பேர் முகத்துக்கு முகம் பார்த்து இருக்கலாம். பார்த்த அன்றே அவள் மனம் அதற்குள் இறங்கிவிட்டது.

குடிபுகலுக்கு ஒரு கிழமை இருக்கையில், பேர்கன் நகரிலிருந்து மச்சாள் அருள்ராணி வருவது உறுதியானது. கணவன் சோதிலிங்கத்தின் மூத்த அக்கா. மனையடி சாத்திரத்தைக் கரைத்துக் குடித்தவள். தம்பியோ அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

“நடு வீட்டிலை பள்ளம் கிடந்தால் குடும்பத்தை விழுங்கும் எண்டு அக்கா சொல்லுவா. கண்டாவெண்டால் கொங்கிறீற் போட்டு மூடத்தான் வேணும்,” என்றான்.

“அப்ப அவ காணாமல் இருக்கட்டும்,” என்றாள் கமலேஸ்வரி.

மெத்தைகளைக் கழற்றிக் குழிக்குள் குவித்து, முட்டுக்கொடுத்து, மேலே மெல்லிய பலகை அடுக்கிக் கம்பளம் விரித்தார்கள். என்ன மூளை!

குடிபுகல் அன்று பால் பொங்கியது. விருந்தினர் சுவரோரம் நின்றார்கள். கமலேஸ்வரி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நடுவைக் காவல் காத்தாள். ஆனால் குத்துவிளக்கு ஏற்றுவது மூத்தவளின் உரிமையல்லவா?

“விளக்கை மூலையிலை வைச்சது ஆர்? நடுவிலை எல்லோ வைக்கவேணும்!” இன்னும் ஏற்றாத விளக்கை அருள்ராணி தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

“மச்சாள், அங்கை வேண்டாம்...”

மடார்! பலகை முறிந்தது. பட்டுச் சேலையும் விளக்குமாக அருள்ராணி மெத்தைக் குவியலில் பொத்தென்று அமர்ந்தாள்.

பத்துப் பேர் பதறி இறங்கினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. இறங்கியவர்கள் அவளைச் சுற்றி இருந்துகொண்டு நலம் விசாரித்தார்கள். அவளே விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு இன்னொரு கதை. தேத்தண்ணி வந்தது. ஒரு மணி நேரமாகியும் அவள் மேலே ஏறவில்லை. கமலேஸ்வரியோ மேலேயே நின்று கோப்பைகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்கே மூடிப்போடுறன்,” என்றான் சோதிலிங்கம்.

“மூடாதை! பேர்கனிலை என்ரை பிள்ளையள் ரீவியைப் பாத்துக்கொண்டுதான் என்னோடை கதைக்கிறவை. இஞ்சை எல்லாரும் என்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கினம்.”

“சாத்திரம்?” என்றான் தம்பி.

“அது கிடக்கட்டும். கமலேஸ், நீ ஏன் மேலை நிக்கிறாய்? வா, வந்து இரு.”

கமலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருடமாக அந்த மச்சாளுக்கு நின்றபடியே பதில் சொல்லிவந்தவள், முதல் தடவையாக அவள் பக்கத்தில் போய் இருந்தாள்.