புது பேட் கத்தத்தான் செய்யும்

கார் முன்சக்கரத்துக்குப் புது பிரேக் பேட் மாட்ட மெக்கானிக் எதற்கு என்று மார்தட்டிவிட்டு, வாசலிலேயே மாட்டி முடித்தார் வீட்டுக்காரர். பிரேக் போட்டதும் வண்டி கிறீச்சென்று அலறியது.

"புது பேட் கத்தத்தான் செய்யும்" என்று மனைவியின் வாயை அடைத்தார். அவளும் நம்பி, ஒரு வாரமாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அதிலேயே கூட்டிப்போனாள்.

சத்தம் நிற்காததால் ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பேடையே திருப்பி மாட்டித் தொலைத்திருக்கிறார். உராய வேண்டிய பக்கம் வெளியே இருக்க, அதன் இரும்பு முதுகு உரசி, பிரேக் தட்டு முழுக்க வரிவரியாகக் கீறல். இந்த லட்சணத்தில்தான் பிள்ளை போய் வந்திருக்கிறது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்ல, சும்மா பார்க்கிறேன்." தலை நிமிரவில்லை.

"அதானே, நீங்க மாட்டினதாச்சே! எங்க அண்ணன் வண்டியையும் உங்ககிட்டயே விடச் சொல்லிட்டேன். கிளம்பிட்டாராம்."