அழகுமலையின் வயிறு

தனக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே அழகுமலைக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் அவன் பெண்டாட்டி புவனேஸ்வரிதான்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தென்னையிலிருந்து விழுந்து மூணு வருஷம் ஆகிறது. மழை பெய்து ஓய்ந்த மரத்தில் ஏறாதே என்று பெற்றவள் சொன்னாள், கட்டினவள் சொன்னாள். கேட்டானா? ஏறினான், வழுக்கினான், முதுகுத்தண்டு போனது. மாருக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, கொள்ளிக்கட்டையால் சுட்டாலும் தெரியாது. கை ரெண்டும் மட்டும் பழைய மரமேறிக் கைகளாகவே இருந்தன.

கால் போனதுதான் பெரிய இழப்பு என்று ஊர் உச்சுக் கொட்டியது. ஊருக்கு என்ன தெரியும்? காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தால் சொன்ன இடத்தில் கிடக்கும். வயிறு அப்படிக் கிடக்குமா?

திருச்சி ஆஸ்பத்திரியில் ஆரோக்கியதாஸ் என்ற நர்ஸ்தான் அவளை உட்கார வைத்து விளக்கினார். "குடலுக்குன்னு சொந்தமா ஒரு நரம்புக் கூட்டமே இருக்கும்மா. மூளையிலேர்ந்து வர்ற லைன் அறுந்து போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆனா மந்தமாச் செய்யும். வாசல்ல தெறக்கவும் மூடவும் ஆள் இருக்காது. வந்துருச்சுன்னு சேதி சொல்லவும் ஆள் இருக்காது."

"நம்ம த்ரீ பேஸ் கரண்டு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் புவனேஸ்வரி. "அது எப்ப வருதோ அப்ப மோட்டார் ஓடும்."

"அதேதான். அதுக்கு நாமதான் ஒரு நேரத்தப் பழக்கணும்."

பழக்கினாள். ஒருநாள் விட்டு ஒருநாள், விடிந்ததும் சூடாக ஒரு காப்பி. வயிற்றில் சூடு இறங்கினால் குடல் தன்னால் ஒரு முழி முழிக்கும். அப்புறம் பின்வாசலில் ஒரு மாத்திரை. அப்புறம் உறை மாட்டின விரலில் ஜெல்லைத் தடவி உள்ளே மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முதல் மாதம் அவளும் அழுதாள், அவனும் அழுதான். பிறகு அவள் கீரை ஆய்கிற மாதிரி அதைச் செய்து முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முந்திரி உடைக்கப் போய்விடுவாள். அவன் மட்டும் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன ஆவணியில் கறம்பக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பேம்பர்ஸையும் தாண்டி வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார், வரிசையே எழுந்தது. அன்றையிலிருந்து அழகுமலை வாசல்படி தாண்டவில்லை. ஆவணி தாண்டி ஐப்பசி தாண்டி தையும் போயிற்று.

மாசியில் தங்கச்சி இந்துமதி வந்து நின்றாள். "அண்ணே, மதுமிதாவுக்குக் காது குத்துறோம். நம்ம கருப்பர் கோயில்ல. மாமன் மடி ஒன் மடிதான்."

இந்துமதியின் மாமியார் அழகம்மாள் வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தாள். இந்துமதிக்குச் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் மாமன் முறைதானே, நல்ல காரியத்தில் எதுக்கு வம்பு என்று நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். அது அழகுமலை காதுக்கும் வந்திருந்தது.

"வாரேன்னு சொல்லுண்ணே" என்று இந்துமதி அவன் கையைப் பிடித்தாள். "கூடப் பொறந்தவன் இருக்க, இன்னொருத்தன் மடியில எம்புள்ளைய வச்சா நான் செத்தே போயிருவேன்."

"வாரேன்" என்றான்.

அன்று பிடித்தது புவனேஸ்வரிக்குச் சனி. அவன் சோறு பாதியாகக் குறைந்தது, அப்புறம் கால்வாசியாகக் குறைந்தது. கேட்டால் "பசிக்கல" என்பான். காதுகுத்துக்கு முந்தின வாரம் ஒருநாள், அவள் உறையை மாட்டிக்கொண்டு வந்தபோது, "வேணாம். இனிமே நானே பாத்துக்கிறேன், ஏங் கை நல்லாத்தானே இருக்கு" என்றான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வார்த்தை எப்போது வரும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! முந்திரி உடைக்கிற இடத்தில் வாய் ஓயாமல் பேசினாள்.

ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்து வந்து, "ஆச்சா?" என்பாள். "ஆச்சு." "எங்க போட்டீங்க?" "சுத்திக் குப்பைக் குழியில போட்டேன். போயி மோந்து பாரு, போ." அவள் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனை நம்பாதது போல் ஆகிவிடுமே என்று விட்டுவிட்டாள். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கலாம் என்று போனால், "விடு, தூக்கம் வருது" என்று கையைத் தட்டிவிட்டான்.

காதுகுத்தன்று காலையிலும் தட்டிவிட்டான். "நேரமாச்சு, வண்டி வந்துருச்சு பாரு."

குட்டி யானை வண்டியில் நாற்காலியோடு ஏற்றி, சீர்த்தட்டுகளைச் சுற்றி அடுக்கி, கோயிலுக்குப் போனார்கள். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் புவனேஸ்வரி நாற்காலியை இறுக்கிப் பிடிப்பாள். அவன் முகத்தைப் பார்ப்பாள், வேட்டியைப் பார்ப்பாள், மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே அவளை உறுத்தியது.

கோயிலில் மொட்டை போட்டு முடிந்தது. மதுமிதா வீறிட்டு அழுது ஓய்ந்தாள். ஆசாரி ஊசியையும் தோட்டையும் எடுத்து வைத்தார். உறுமி மேளம் ஏறிக்கொண்டே போனது. பூசாரி வீரய்யா சூடத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்.

அழகுமலைக்கு முன்னால் வந்தபோதுதான் அது நடந்தது. அவன் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்தது. முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று ஆயின. கையில் மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். அப்புறம், மூணு வருஷமாக அசையாத கால் ரெண்டும் உதறின.

"ஆத்தீ! காலு ஆடுதுடி!" என்று ஒருத்தி அலறினாள்.

அவ்வளவுதான். பொம்பளைகள் குலவை போட்டார்கள். மேளக்காரன் அடியை மாற்றினான். யாரோ ஒரு குடம் மஞ்சத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் தலையில் கொட்டினார்கள். வீரய்யா கை நிறைய விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பி, "யாரு வந்துருக்கிறது? கருப்பனா? சொல்லப்பா, புள்ளைகளுக்கு ஒரு வாக்குச் சொல்லு!" என்று கும்பிட்டார். பந்தியில் மூக்கைப் பொத்தினார்களே, அதில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் கையெடுத்தார்கள். அழகம்மாளோ, வேண்டாத மாமன் என்று சொன்ன அதே அழகம்மாள், மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

ஆரோக்கியதாஸ் படித்துப் படித்துச் சொன்னது ஒவ்வொன்றாகப் புவனேஸ்வரியின் காதில் வந்தது. "வயிறு அடைச்சுக் கெடந்தா அவருக்கு வயிறு வலிக்காதும்மா. தலைதான் வலிக்கும். மாருக்கு மேல வேர்த்துக் கொட்டும், மூஞ்சி செவக்கும், மயிர் நிக்கும். பிரஷர் எகிறுதுன்னு அர்த்தம். மூத்திரப் பையப் பாரு, அப்புறம் வயித்தப் பாரு. படுக்க வைக்காத. சும்மா இருந்தா மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிரும்."

கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் காலடியில் போய் விழுந்தாள். கும்பிடுகிறாள் என்று வழி விட்டார்கள். வேட்டிக்கு அடியில் எப்போதும் மாட்டியிருக்கும் மூத்திரக் குழாய் மடங்கவில்லை, பையிலும் இறங்கியிருந்தது. வேட்டிக்குள் கையை விட்டு இடதுபக்க அடிவயிற்றை அமுக்கினாள். கல்லாக இருந்தது.

"எப்பப் போனீங்க?" என்று காதுக்குள் கேட்டாள். "சாமி சத்தியமாச் சொல்லுங்க."

"போன வாரமே நிப்பாட்டிட்டேன்" என்று முனகினான். "வயித்தால போறத நிறுத்துற மாத்திரையும் போட்டேன்... தலை வெடிக்குது புவனா. கண்ணு மங்குது."

"அட பாவி மனுஷா!"

"சொல்லாத" என்றான். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான், அத்தனை கும்பிட்ட கைகளையும் பார்த்தான். "காது குத்தி முடியட்டும். கும்புடுறாங்கடி. சொல்லிராத."

ஏன் பொய் சொல்ல வேண்டும், அவளுக்கும் ஒரு நொடி அந்த ஆசை வந்தது. நாற்றம் பிடித்தவன் என்று ஒதுக்கிய கூட்டம் இன்று அவன் காலில் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று மனசு பேரம் பேசியது. அதற்குள் அவன் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மேளத்த நிறுத்துங்கடா!" என்று எழுந்தாள். அவள் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது. "சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வயித்துல பீ கட்டிக் கெடக்கு! ஒரு வாரமாப் போகல! அதான் மண்டைக்கு ஏறுது! தள்ளுங்க எல்லாரும்!"

மேளம் நின்றது. குலவை பாதியில் அறுந்தது. ஒரு பயல் சிரித்துவிட்டு அடி வாங்கினான்.

"கருப்பன் வந்த எடத்துல என்ன வார்த்தை பேசுற? நாக்கு அழுகிப்போகும்" என்றார் வீரய்யா.

"அழுகட்டும். எம்புருஷன் உசுரோட இருக்கணும்."

இந்துமதிதான் முதலில் ஓடி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் அவள் புருஷன் சோலையப்பன் பிடிக்க, வண்டிக்குக் கொண்டுபோனார்கள். சோலையப்பன் நூத்தியெட்டுக்குப் போன் போட்டுவிட்டு, வண்டிக்குள் அழகுமலையை அணைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டான். வண்டியின் பின்பக்கத்தை மறைத்து இந்துமதி ஒரு சீலையைக் கட்டினாள், சீர்த்தட்டில் அண்ணன் வைத்த அதே புதுச்சீலையை.

புவனேஸ்வரியின் பை எப்போதும் அவளோடு இருக்கும். மரத்துப்போகிற ஜெல்லைத் தடவிவிட்டு, கை பரபரத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்பட்டு நோண்டினால் பிரஷர் இன்னும் ஏறும். அப்புறம் விரலை விட்டு, சரளைக்கல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க எடுக்க அவன் முகத்துச் சிவப்பு வடிந்தது. வேர்வை நின்றது. கால் உதறுவதும் நின்றது.

"தலை எப்படி இருக்கு?"

"கொறையுது." அப்புறம் அழ ஆரம்பித்தான். "சபையில வச்சு என்னைய அம்மணமாக்கிட்டேடி. மொத தடவையா என்னையக் கும்புட்டாங்க. ஒனக்குப் பொறுக்கல."

"ஆமா, பொறுக்கல" என்றாள் அவள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. "கும்புட்டவங்க சாயங்காலம் ஒங்களப் பொதைச்சுட்டு, காலு ஆடுன மகராசன்னு பேசிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாங்க. நான் எங்க போறது? செத்த சாமிகூட நான் குடும்பம் நடத்த முடியுமா?"

சோலையப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. பிரஷர் பார்த்துவிட்டு, "எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு, ஆனாலும் ஆஸ்பத்திரியில காட்டிரணும், வாங்க" என்றார்கள். அதற்குள் கோயில் பக்கம் ஒரு சலசலப்பு. நல்ல நேரம் போகப் போகிறது என்று அழகம்மாள் சித்தப்பா மகனை உட்கார வைத்து அவன் மடியில் பிள்ளையை வைத்துவிட்டாள். இந்துமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். என்ன சொன்னாளோ தெரியாது, மாமியார் வாயடைத்து நிற்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசாரியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாடியே பாதிக் கூட்டம் வந்தது.

"மதினி, வேட்டிய மாத்திவிடுங்க. அண்ணன் கெளம்புறதுக்குள்ள குத்திரணும்."

"இந்து, வேணாம்த்தா" என்றான் அழகுமலை. "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சாச்சுல்ல? அப்புறம் என்ன ஒளிக்க இருக்கு? மடியக் குடு."

அவனை நாற்காலியில் உட்கார வைத்து வண்டி ஓரத்தில் இறக்கினார்கள். மதுமிதா மாமன் மடியில் உட்கார்ந்தாள். வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை ஊரைக் கூட்டி அலறினாள், அவன் மார்பில் மொட்டைத் தலையால் முட்டினாள்.

புவனேஸ்வரிக்கு அப்போது வாடை வந்தது. கல்லெல்லாம் எடுத்தாகிவிட்டது, பின்னால் அடைபட்டுக் கிடந்தது வழி கிடைத்து வருகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு "இல்லடா தங்கம், இல்லடா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"வந்துருச்சா?" என்று கேட்டான். மெதுவாகக் கேட்கவில்லை. நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, சுவரைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக் கேட்டான்.

"வந்துருச்சு" என்றாள்.

ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. இந்துமதி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். யார் கை மூக்குக்குப் போகிறது என்று பார்க்கிற பார்வை அது. ஒரு கையும் போகவில்லை.

"வந்தா வரட்டும், கழுவிக்கலாம்" என்றாள். "ஆசாரியாரே, இன்னொரு காது இருக்கு. அண்ணே, புள்ள அசையாமப் பிடி."

அழகுமலை இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.